கேட்டுக்கொண்டிருந்தவர்

எங்கள் ராக் பேண்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் விசாரிப்பது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். "எல்லாத்தையும் வாசிப்பாங்களாமே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்பார்கள். எல்லாவற்றையும் வாசிப்பார் என்பது உண்மை. கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், கீபோர்டு. கிளாரினெட்டும் தெரியும். பாடவும் செய்வார். ஆனால் அவரோடு சில வருடங்கள் சேர்ந்து வாசித்த எனக்கு, அவர் எதையும் தொடாமல் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்ற நேரங்கள்தான் அதிகம் ஞாபகத்தில் இருக்கின்றன.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் பண்ணி, "எதுக்குங்க இதெல்லாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

பெரம்பலூர் பக்கம் ராக் பேண்ட் என்றால் இன்றைக்கும் பலருக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கே வந்திருக்கிறது. நான் அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். "வாரம் பூரா கல்லு, ஞாயித்துக்கெழம மட்டும் ராக்கா?" என்று எங்கள் மேனேஜர் கேட்பார். நான் பேஸ் கிதார். செட்டிகுளத்து பாஸ்கர் டிரம்ஸ். அவனுடைய அப்பா சின்ன வெங்காய வியாபாரி. வெங்காயம் வராத மாதங்களில் அவர்களுடைய குடோன் எங்களுக்குக் கிடைக்கும். பாடுவதற்கு இனியன். கல்லூரி முடித்துவிட்டு அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தவன், எங்களில் இளையவன். பாட்டுகள் அவன் எழுதுவதுதான். கிதாருக்கு ஆள் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தபோது, பெரம்பலூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒரு பெண் நன்றாக வாசிப்பதாக யாரோ சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதுகில் கிதாரோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் கிதாரைப் பையை விட்டே எடுக்கவில்லை. ஒரு மக்காச்சோள மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நீங்க வாசிங்க, கேக்குறேன்" என்றார்.

நாங்கள் எங்கள் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். டிரம்ஸ் அதிரும்போதெல்லாம் தரையில் கிடந்த வெங்காயச் சருகு எழும்பி அடங்கியது. வாசித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்.

"ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல தயங்குறீங்களே, ஏன்?"

"பாஸ்கர் அங்க வேகமெடுத்துடுறான்."

"நான் ஒண்ணும் எடுக்கல" என்றான் பாஸ்கர்.

"அவரு எடுக்கல. பாடுற தம்பி மேல் சுருதிக்குப் போவ முடியாதோன்னு பயந்து ஓடுது. பின்னாடியே நீங்க ரெண்டு பேரும் ஓடுறீங்க."

பாட்டைச் சுருதி இறக்கிப் பாடச் சொன்னார். இனியன் பாடினான். பல மாதங்களாக எங்களுக்குள் சண்டையாக இருந்த அந்த இடம் சத்தமில்லாமல் சரியாகிப் போனது. அப்புறம்தான் கிதாரை வெளியே எடுத்தார். அன்று முழுக்க அந்தப் பாட்டுக்கு நடுவில் சின்னச் சின்னதாக எதையோ வைத்துக்கொண்டிருந்தாரே தவிர, திறமையைக் காட்டுகிற மாதிரி ஒன்றும் வாசிக்கவில்லை. ஆள் சுமார்தான் என்று நானும் பாஸ்கரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது குடோனுக்குள்ளிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. பாஸ்கர் என் பக்கத்தில் டீத்தூக்கோடு நிற்கிறான். உள்ளே போனால் அவர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் அத்தனை வருடம் வாசித்ததை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற வாசிப்பு. எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எழுந்தார்.

"டிரம்ஸ் தெரியும்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க டிரம்ஸுக்கு ஆள் தேடலையே."

எப்படி இத்தனையும் தெரியும் என்பதைப் பின்னாளில் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். விக்கிரமங்கலத்தில் அவருடைய அப்பாவும் சித்தப்பாமார்களும் பேண்டு செட்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முந்தின தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணம், திருவிழா, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் செட்டு போக வேண்டும். "எங்க வூட்ல யாரும் யாருக்கும் ஒக்காந்து கத்துக்குடுத்ததில்ல. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா அவரோடத அடுத்தவங்க எடுத்துக்கணும். ஆள் கொறையுதுன்னு போவாம இருக்க முடியாதுல்ல. நான் பி.பார்ம் படிக்கிறப்பகூட லீவுல போயி வாசிச்சிருக்கேன்" என்றார். அதில் அவருக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஒரே ஒருமுறை எல்லாவற்றையும் மேடையில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அது இனியனின் ஏற்பாடு. பெரம்பலூரில் ஒரு கல்லூரி விழா. கடைசிப் பாட்டில் கிதாரில் ஆரம்பித்து, கீபோர்டுக்குப் போய், என்னிடமிருந்து பேஸை வாங்கி, பிறகு பாஸ்கரை எழுப்பிவிட்டு டிரம்ஸில் முடிக்க வேண்டும். "ஒரே ஒரு தடவக்கா" என்று அவன் கெஞ்சியதால் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். எல்லார் கையிலும் போன் உயர்ந்தது. அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றியது. சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள்கூட என்னிடம் காட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஆம்ப் ஸ்பீக்கரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் டிரம்ஸ்ல இருந்தப்ப நீங்க மூணு பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றான் பாஸ்கர்.

"ஆமா. பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அதன்பிறகு யார் கேட்டும் அவர் அதைச் செய்யவில்லை.

அப்படிக் காது கொடுத்துக் கேட்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பது எப்போதும் சுகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இனியன் தன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். கேட்ட எல்லோரும் உருகினார்கள். அவர் மட்டும், "இந்தப் பாட்ட நீ நம்பலியே தம்பி" என்றார். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கை வைத்துவிட்டுப் போனவன் சில வாரங்கள் வரவில்லை. நான் அவனைத் தேடி அரும்பாவூருக்குப் போனேன். "அவங்க முன்னாடி பாடுறது டாக்டர் முன்னாடி சட்டையக் கழட்டுறாப்ல இருக்குண்ணே" என்றான். அப்புறம், அப்பாவோடு தான் பேசியே வெகு காலம் ஆகிறது என்றும் சொன்னான். பிறகு திரும்பி வந்தான். அந்தப் பாட்டை வேறு மாதிரி எழுதியிருந்தான். அதில் அப்பாவைப் புகழ்ந்து ஒரு வரிகூட இல்லை. அவர் அதற்குக் கீபோர்டு வாசித்தார். சாகும்வரை எனக்கு அது மறக்காது.

கடையிலும் அவர் இப்படித்தான். ஒருநாள் ஒத்திகைக்குச் சேர்ந்து போவதற்காக அவருடைய மெடிக்கல் ஷாப்பில் காத்திருந்தேன். ஒரு அம்மா வந்து, மாமியாருக்குத் தூக்கம் வரவில்லை, ஏதாவது மாத்திரை கொடு என்று கேட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரியில் அனுப்பிவிடலாம். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்தார். "அவங்களுக்கு எத்தினி நாளா தூக்கமில்ல?" என்றார். அந்த அம்மா ஏதோ சொன்னார். இவர் கேட்டுக்கொண்டே நின்றார். அந்த அம்மா மறுபடி ஏதோ சொன்னார். அப்புறம், வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் பண்ணவில்லை என்றார். பிறகு, தூக்கம் வராதது தனக்குத்தான் என்றார். இவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா. நம்பர் இருக்கா? இங்கேருந்தே பண்ணிப் பாப்போம்" என்றார். அன்று நாங்கள் செட்டிகுளம் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. பாஸ்கர் கோபித்துக்கொண்டான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

மேடையிலும் குடோனிலும் அவர் எனக்கு வலப்பக்கம் நிற்பதுதான் வழக்கம். ஒரு ஞாயிறு திடீரென்று இடப்பக்கம் மாறி நின்றார். ஒயர் எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அங்கேயே நின்றார். அதற்கடுத்த வாரமும்.

அப்போது எங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்திருந்தது. திருச்சியில் ஒரு போட்டி. ஜெயிக்கிற பேண்டின் பாட்டுகளைச் சென்னையில் ஒரு கம்பெனி ரெக்கார்டு செய்து வெளியிடும். இனியனுக்கு அது உயிர்நாடி. வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஞாயிறு போதாமல் வார நாள் சாயங்காலங்களிலும் கூட ஆரம்பித்தோம்.

ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றார்.

"இப்ப நான் உங்க வலப்பக்கம் ஒக்காந்து உங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"கவனிக்கலங்க."

"கவனிக்கலையா, கேக்கலையா?"

நான் சிரித்து மழுப்பினேன். சுரங்கத்தில் வெடிச் சத்தம், மிஷின் சத்தம், அதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்றேன்.

"சத்தத்தால போனா பெரும்பாலும் ரெண்டு காதுந்தான் போவும். உங்களுக்கு ஒண்ணு மட்டும் போவுது. நான் வலப்பக்கம் நின்னா நீங்க தாமதமா வர்றீங்க. இடப்பக்கம் நின்னா சரியா வர்றீங்க. மாறி மாறி நின்னு பாத்துட்டேன். முன்னல்லாம் நீங்க இப்படித் தலையத் திருப்பிப் பேச மாட்டீங்க. நடையும் ஒரு மாதிரி இருக்கு."

சுரங்கத்துப் படியில் காரணமில்லாமல் இரண்டொரு முறை நான் தடுமாறியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"மருந்துக் கடைக்காரி நான், டாக்டர் இல்ல. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். போயிக் காட்டிட்டு வந்துடுங்க."

"போட்டி முடியட்டும், போறேன்."

"அதுவரைக்கும் நான் வாசிக்கல."

சாதாரணமாகத்தான் சொன்னார். உள்ளே போய் ஆம்பை அணைத்தார். விஷயம் புரிந்ததும் இனியன் பதறிப்போனான்.

"அக்கா, ஒரு மாசம் கழிச்சுப் போனா என்னக்கா? அண்ணன் நல்லாத்தான இருக்காரு?"

"நல்லா இருந்தா நாளைக்கே வந்து வாசிக்கிறேன் தம்பி."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மற்றவர்கள் முன்னால் என் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டார் என்று ஒரு கோபம். அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்கிற பயம் அதற்கு உள்ளே இருந்தது. வேறு வழியில்லாமல் லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனேன். காதைப் பரிசோதித்தார்கள். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வலது காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் மூளையை அழுத்தும் என்றார்கள். எடுத்தால் அந்தக் காது முழுசாகப் போய்விடும். "சீக்கிரமே வந்துட்டீங்க. நெறைய பேரு முகம் கோணினப்புறந்தான் வருவாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். கூட வாசிக்கிற ஒருத்தர் சொன்னார் என்றேன்.

ஆபரேஷனுக்குச் சென்னையில் கிடைத்த தேதி போட்டி நடக்கும் வாரத்திலேயே வந்தது. போகாமல் இருக்க வேண்டாம், கிதார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னுடையதை அவரே வாசிக்கட்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். போனார்கள். ஜெயிக்கவில்லை. ரெக்கார்டிங்கும் இல்லை என்று ஆனது. இனியன் அதன்பிறகு ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போட்டியில் எடுத்த வீடியோவை பாஸ்கர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். தலையில் கட்டோடு, மிச்சமிருந்த காதில் போனை வைத்துக் கேட்டேன். பேஸ் வாசித்தது அவர். ஆனால் அது என் வாசிப்பு. டிரம்ஸுக்கு ஒரு இம்மி பின்னால் சோம்பலாக வந்து விழுகிற என்னுடைய பழக்கம், கம்பியிலிருந்து விரலைச் சீக்கிரமே எடுத்துவிடுகிற குறை, எல்லாம் அப்படியே இருந்தன. அவர் நினைத்திருந்தால் என்னைவிடப் பிரமாதமாக வாசித்திருக்க முடியும். ஜெயித்துக்கூட இருக்கலாம். அதைச் சொன்னதற்கு பாஸ்கர், "நானும் கேட்டேன்டா. 'அவரு எடத்துல அவரு இருக்கணும், இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் தடுமாறுவீங்க'ன்னாங்க" என்றான்.

ஊருக்குத் திரும்பியபோது நான் வேறு ஆளாக இருந்தேன். நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்தேன். முகம் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், ஒற்றைக் காதுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. முதல் நாள் குடோனில் எல்லோரும் வாசித்தபோது ஒரு லாரி கல்லை என் தலையில் கொட்டிய மாதிரி இருந்தது. எது டிரம்ஸ், எது கிதார் என்று பிரிக்க முடியவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு, "எனக்கு ஒத்து வராதுப்பா. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பையிலிருந்து பஞ்சையும் மெழுகுத் துண்டையும் எடுத்துத் தன் வலது காதை அடைத்துக்கொண்டார். மேலே ஒரு துணியையும் கட்டிக்கொண்டார். "வாசிங்க பாஸ்கர்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரே தடுமாறினார். நான் அவர் தடுமாறிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு எல்லாம் இடப்பக்கத்துல இருந்தே வருது. உங்களுக்கும் அப்படித்தானா?"

"ஆமாங்க."

"டிரம்ஸ் கிதாருக்குள்ள போயி ஒளிஞ்சுக்குது."

"ஆமாங்க" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து விசாரித்தார்கள். எனக்கு என்ன கேட்கிறது என்பதை அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வாரக்கணக்கில் காதை அடைத்துக்கொண்டே ஒத்திகைக்கு வந்தார். இரண்டு காதுகளையும் நம்பியே வாசிக்கிற ஒருவர். பாஸ்கரை எனக்கு எதிரே, கை தெரிகிற மாதிரி உட்கார வைத்தார். என்னுடைய ஆம்பைப் பலகைமேல் வைத்து, நான் அந்தப் பலகையிலேயே வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்றார். பாதம் வழியாகச் சத்தம் ஏறியது. கிதார் என் வழியில் குறுக்கிடுகிற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தன் வாசிப்பிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டுகள் வெறிச்சென்று ஆகிவிடும் என்று நான் பயந்தேன். முன்னைவிட நன்றாக இருந்தன. மெல்ல மெல்ல எனக்கு டிரம்ஸ் தனியாக, கிதார் தனியாகப் பிரிந்து வந்தது. ஒருநாள் தப்பே இல்லாமல் முழுப் பாட்டையும் வாசித்து முடித்தபோது, அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்து வெங்காயச் சருகோடு சருகாகப் போட்டுவிட்டு, "பசிக்குதுங்க, ஏதாச்சும் சாப்புடலாம்" என்றார்.

அதன்பிறகு இரண்டு வருடம்போல ஊர் ஊராக வாசித்தோம். பெரிய பேர் எதுவும் எடுக்கவில்லை. கல்லூரிகள், சில திருவிழாக்கள், கங்கைகொண்ட சோழபுரத்தில் நண்பர் ஒருவரின் கல்யாணம்.

அவரோடு கடைசியாக வாசித்தது அரியலூரில், ஒரு புத்தகக் கண்காட்சியின் சாயங்கால நிகழ்ச்சியில். கடைசி என்று எங்களுக்குத் தெரியாது. சுமாரான கூட்டம். குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முடிவுப் பாட்டின் நடுவில் கிதார் நின்றுவிட்டது. கம்பி அறுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவர் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திக்கொண்டு நின்றார். நானும் பாஸ்கரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நிறுத்த முடியாது. பாஸ்கர் கொஞ்சம் இடம் விட்டு வாசித்தான். அந்த இடத்தில் நான் போனேன். இனியன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். கூட்டத்துக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர் மேடை ஓரத்துக்கு நகர்ந்து, தலையைச் சாய்த்து, பாட்டு முடிகிறவரைக்கும் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும், "என்னாச்சுங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கேக்கணும்னு தோணுச்சு."

ஒயர்களையெல்லாம் சுற்றி வண்டியில் ஏற்றிய பிறகு சொன்னார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கோயம்புத்தூரில் தங்கை வீட்டோடு இருந்து பார்க்க வேண்டும், கடையையும் கைமாற்றிவிட்டார். இப்போது அங்கே அடுத்தவர்களின் பாட்டுகளுக்கு ரெக்கார்டிங்கில் வாசிக்கிறார் என்று கேள்வி. எது தேவையோ அதை.

அன்று இனியன், "அக்கா இல்லாம நாங்க எப்படிக்கா?" என்றான்.

"இப்ப வாசிச்சீங்கல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். "போயிட்டு வரேங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் செட்டிகுளத்தில் கூடினோம். புதிதாக ஆள் தேடுவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறினேன். பாஸ்கர் குச்சிகளைத் தட்டினான். ஆரம்பித்தோம்.